‘ஸே’ போடாத குன்யாவும் குன்யாதான்

போன வாரம் ஒரே நாளில் மூன்று பேர். மூவரும் நாற்காலியில் சாய்ந்ததுமே, நான் எதுவும் கேட்பதற்கு முன்னால் சொன்னது ஒன்றுதான்: “ஸயாமா, நான் ஸே போடுறதில்ல.” (ஸயாமா என்று இங்கே பெண் மருத்துவரைக் கூப்பிடுவார்கள்; நான் பல் மருத்துவர்.)

பர்மாவுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்கு: குன்யா என்றால் இங்கே வெற்றிலைச் சுருள். இலையில் சுண்ணாம்பு தடவி, பாக்கும் காசுக்கட்டியும் வைத்து, கேட்டால் புகையிலையும் தூவி மடித்து, சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டுத் தருவார்கள். அந்தப் புகையிலைக்குத்தான் ஸே என்று பெயர். பர்மிய மொழியில் மருந்துக்கும் அதே சொல். நாள் முழுக்க மருந்து எழுதுகிற எனக்கு இது எவ்வளவு எரிச்சல் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக வந்தவர் லைன் கார், அதாவது ஆள் ஏற்றிப்போகிற வண்டி, ஓட்டுகிறார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. கூட அவருடைய அம்மா. காரம் பட்டால் எரிகிறது, நம் மீன்குழம்பு நூடுல்ஸ் மோஹிங்காகூட இறங்குவதில்லை என்றார். வாயைத் திறக்கச் சொன்னேன். யாருக்கும் தன் மூன்று விரல்களைச் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கிற மாதிரி, முன்பற்களுக்கு நடுவே நுழைக்க வர வேண்டும். அவருக்கு ஒன்றரை விரல்தான் போனது. என் கண்ணாடியை உள்ளே விடவே இடமில்லை. கன்னத்தின் உட்புறம் சலவைக்கல் மாதிரி வெளிறியிருந்தது. தொட்டுப் பார்த்தால் உள்ளே கயிறு கயிறாகத் தட்டுப்பட்டது. குன்யாவை அதக்கி வைக்கிற இடது பக்கத்தில் ஒரு புண். நான்கு மாதமாக இருக்கிறதாம். பல் குத்தியிருக்கும் என்று விட்டுவிட்டாராம்.

“அவன் ஸேயைத் தொட்டதே இல்ல ஸயாமா, சின்ன வயசுலயே கண்டிச்சு வச்சிருக்கேன்” என்றார் அம்மா. அவ்வளவு பெருமை முகத்தில். எனக்குக் கோபப்படவும் மனசு வரவில்லை.

அதனால் இதை ஒருமுறை விளக்கமாக எழுதிவிடுகிறேன். புகையிலை இல்லாவிட்டால் குன்யா ஒன்றும் செய்யாது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1985இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வெற்றிலை போடுவதை ஆராய்ந்தது. புகையிலை சேர்த்தது புற்றுநோய் உண்டாக்கும் என்றது; சேர்க்காததற்கு ஆதாரம் போதவில்லை என்றது. ஆதாரம் போதவில்லை என்றுதான் சொன்னார்கள், ஆபத்தில்லை என்று சொல்லவில்லை. நம் ஆட்களுக்கு இரண்டாவதுதான் காதில் விழுந்தது. பிறகு, 2004இல் வெளிவந்த 85ஆவது அறிக்கைத் தொகுதியில் அதே முகமை தெளிவாக எழுதிவிட்டது: புகையிலை இல்லாத வெற்றிலையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும், பாக்கு தனியாகவே உண்டாக்கும். இரண்டும் முதல் பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பிரிவில், புகையிலை இருக்கும் அதே பிரிவில். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்தச் சேதி மட்டும் யாங்கோனில் நம் அனோரத்தா சாலையைத் தாண்டி வரவில்லை.

இன்னும் சந்தேகமா? தைவானைப் பாருங்கள். அங்கே வெற்றிலைப் பாக்கில் புகையிலை சேர்க்கும் வழக்கமே இல்லை. இருந்தும் வாய்ப்புற்று அங்கே பெரிய பிரச்சினை. அவர்களுக்கு எந்த ஸேயால் வந்தது?

பாக்கில் அரிகோலின் என்ற காரப்பொருள் இருக்கிறது. மென்றதும் வருகிற சூடும் கிறக்கமும் அதன் வேலைதான். அதிலிருந்து வாய்க்குள்ளேயே நைட்ரோசமைன்கள் உண்டாகின்றன. போதாததற்குச் சுண்ணாம்பு வேறு: பாக்கின் துவர்ப்புச் சத்து சுண்ணாம்போடு சேரும்போது உயிரணுவைப் பொசுக்கும் ஆக்சிஜன் துணுக்குகள் பிறக்கின்றன. எல்லாம் சேர்ந்து டி.என்.ஏ.யைக் கீறுகின்றன, உடைக்கின்றன.

உடைந்தால் உயிரணு சும்மா இருக்காது. மோல்மேன் ஊருக்குப் போகிற பஸ்ஸை கேட்டில் நிறுத்திச் சோதிக்கிற மாதிரி, உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் அதற்குள்ளும் சோதனைச் சாவடிகள் உண்டு. டி.என்.ஏ. உடைந்த சேதி கிடைத்ததும் பி53 என்ற புரதம் எழுந்து, பி21 போன்ற மரபணுக்களை முடுக்கிவிட்டு, பிரிவதை நிறுத்துகிறது. பழுது பார்த்த பிறகுதான் வழி. பழுது பார்க்க முடியாவிட்டால் அந்த உயிரணு சாக வேண்டியதுதான்.

இதைச் சொன்னால் படித்தவர்கள் உடனே, “அப்போ உடம்பே சரிபண்ணிக்கும்ல?” என்கிறார்கள். சாவடியில் மணி அடிக்கிறது என்றால் உள்ளே ஏற்கெனவே உடைந்துவிட்டது என்று அர்த்தம். அரிகோலினிடம் இன்னொரு கெட்ட குணமும் உண்டு. மனிதத் தோல்வகை உயிரணுக்களில் அதைச் சேர்த்துப் பார்த்த 2008 ஆய்வு ஒன்றில், டி.என்.ஏ. சேத மணியை அடிக்க வைத்ததும் அதுதான், பி53ஐ அடக்கிப் பழுதுபார்ப்பை மந்தமாக்கியதும் அதுதான். திருடனே மணியையும் அடித்துவிட்டுக் காவல்காரனுக்கு மயக்க மருந்தும் கொடுத்தால் என்ன ஆகும்? அதை ஒரு நாளைக்குப் பத்து தடவை, இருபது வருஷம், கன்னத்தில் ஒரே இடத்தில் வைத்துச் செய்கிறோம்.

“எங்க ஆயா எண்பது வயசு வரைக்கும் போட்டாங்க” என்பவர்களிடம் நான் வாதாடுவதை விட்டுவிட்டேன். ஆயாவோடு திண்ணையில் உட்கார்ந்து போட்ட மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் சொல்வதில்லை.

வாய் திறக்க முடியாமல் இறுகுவதை நாங்கள் சவ்வடி நார்க்கட்டு என்போம். இது வந்தவர்களுக்கெல்லாம் புற்று வராது. ஆனால் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட 66 பேரை 17 வருஷம் வரை தொடர்ந்து கவனித்ததில் 5 பேருக்கு வந்தது. குன்யாவை விட்டாலும் இறுகியது பழையபடி இளகாது. மேலே இறுகாமல் தடுக்கலாம், வாய்ப்பயிற்சியும் மருந்தும் கொடுக்கலாம். குன்யாவை விடாமல் என்னிடம் வந்து மருந்து மட்டும் கேட்டால் அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

இன்றைக்கு ராத்திரி கண்ணாடி முன் நின்று மூன்று விரல் போகிறதா பாருங்கள். காரம் வழக்கத்தைவிட எரிகிறதா, வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருக்கிறதா பாருங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண் எதுவானாலும், வலிக்காவிட்டாலும், காட்டுங்கள். வலி இல்லை என்பதற்காகவே சும்மா இருந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். துளி சதை எடுத்துப் பார்த்தால் பரவிவிடும் என்பது கட்டுக்கதை. பிள்ளைகளுக்கு இனிப்புப் பாக்குப் பொட்டலம் வாங்கிக் கொடுக்காதீர்கள், அதுவும் பாக்குதான். கன்னத்தில் அதக்கிக்கொண்டு தூங்குகிற பழக்கத்தை முதலில் விடுங்கள், தயவுசெய்து.

தாம்பூலத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. இலைமேல் எனக்குப் பகையும் இல்லை. கோயில் தட்டில் வையுங்கள், கல்யாணத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். பாக்கு தட்டிலேயே இருக்கட்டும்.

காட்டுவதற்கு என்னிடமே வர வேண்டும் என்றில்லை, எந்தப் பல் மருத்துவரும் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடுவார். மென்றுகொண்டே மட்டும் வராதீர்கள். அந்தச் சிவப்பைத் துடைக்கவே எனக்குப் பாதி நேரம் போகிறது.