சியோனா என்று மட்டும் எழுதத் தயங்காதீர்கள்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள படகுத்துறைகளில், மிதவை மேடைகளின் அடியில் ஒட்டி வளரும் உயிர்களைக் கணக்கெடுப்பது என் பணி. விரல் பட்டதும் உடலைச் சுருக்கி நீரைப் பீய்ச்சும் அசிடியன்கள், அதாவது கடல் பீச்சிகள், அங்கே கொத்துக் கொத்தாகக் கிடைக்கும். அவற்றில் அதிகமாகத் தவறான பெயர் பெறுவது சியோனா என்ற பேரினம்.

பல்லாண்டுகளாக ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் கிடைத்தவை பெரும்பாலும் சியோனா இன்டெஸ்டைனாலிஸ் என்றே பதிவாகிவந்தன. மரபணு ஆய்வுகள் அதற்குள் இரு இனங்கள் இருப்பதைக் காட்டியபின், அவை ஏ வகை, பி வகை என்று குறிக்கப்பட்டன. ஏ வகை, 1967இல் ஜப்பானிலிருந்து விவரிக்கப்பட்ட சியோனா ரோபஸ்டா என்பதும், பி வகையே உயிரினங்களை வகைப்படுத்திய சுவீடன் அறிஞர் லின்னேயஸ் 1767இல் பெயரிட்ட இனம் என்பதும் 2015இல்தான் தெளிவாயின. 2002இல் இன்டெஸ்டைனாலிஸ் என்ற பெயரில் வெளியான மரபணுத் தொகுதியும் உண்மையில் ரோபஸ்டாவினுடையதே.

இன்டெஸ்டைனாலிஸ் வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த நீருக்குரியது, ரோபஸ்டா ஓரளவு வெப்பமான கடல்களில் பரவியது. ஆங்கிலக் கால்வாயில் இரண்டும் ஒரே மிதவையின் அடியில் அருகருகே வாழ்கின்றன. ரோபஸ்டா அங்கே வெளியிலிருந்து வந்தேறியது என்பதால், ஒரு தவறான பெயர் அதன் பரவலையே மறைத்துவிடுகிறது.

உயிருள்ள மாதிரியைக் கடல்நீர் நிறைந்த வெள்ளைத் தட்டில் வைத்து, அது நீரை உள்ளிழுத்து வெளியேற்றும் தன் இரு குழல்களை விரிக்கும்வரை காத்திருங்கள். பின்பு கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, குழல் நுனிகளை ஒட்டிய மேலுறையைப் பாருங்கள். ரோபஸ்டாவில் அங்கே மணல்மணி போன்ற சிறு புடைப்புகள் நிழல் எறியும். இன்டெஸ்டைனாலிஸின் மேலுறை வழவழப்பாக இருக்கும். இளம் உயிர்களில் இது தெளிவாக இராது, பாசியும் சேறும் படிந்த மேலுறையில் ஏமாறவும் வாய்ப்புண்டு. குழல் விளிம்பின் மஞ்சள் நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுப்பதை நான் ஏற்பதில்லை. நிறம் உயிருக்கு உயிர் மாறுகிறது, பதப்படுத்தும் திரவத்தில் மங்கியும் போகிறது.

சியோனாவையே அஸ்கிடியெல்லா, கொரெல்லா என்ற வேறு கடல் பீச்சிப் பேரினங்களுடன் குழப்புவோரும் உண்டு. சியோனா அடிப்பகுதியால் ஒட்டி நிமிர்ந்து நிற்கும், அஸ்கிடியெல்லா இடப்பக்கத்தாலும், கொரெல்லா யூமியோட்டா வலப்பக்கத்தாலும் ஒட்டியிருக்கும். எந்தப் பக்கத்தால் ஒட்டியிருக்கிறது என்பதை, உயிரைப் பெயர்ப்பதற்கு முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கெடுப்பில், சேகரித்த அனைத்தையும் ஃபார்மலினில் போட்டு அனுப்பியிருந்தார்கள். குழல்கள் சுருங்கியிருந்தன, நிறமும் போயிருந்தது, மரபணுச் சோதனைக்கும் அவை பயன்படவில்லை. அந்த நாளின் உழைப்பு முழுவதும் வீணாயிற்று. இதற்காகவே, மெந்தால் படிகங்களைத் தூவி உயிரைத் தளர்த்திய பிறகே பதப்படுத்த வேண்டும் என்றும், அதற்கு முன் உடல் திசுவில் ஒரு சிறு துண்டை 95 விழுக்காடு ஆல்கஹாலில் தனியே எடுத்து வைக்க வேண்டும் என்றும் ஒவ்வொரு புதிய குழுவிடமும் மன்றாடிக் கேட்கிறேன்.

புடைப்பு தெரிகிறதா இல்லையா என்று ஐயம் எழுந்தால், படிவத்தில் இனப்பெயரை நிரப்பாமல் 'சியோனா' என்ற பேரினப் பெயரோடு நிறுத்துங்கள். திசுத் துண்டு உங்களிடம் இருக்கும்வரை இனப்பெயரைப் பின்னர் சேர்க்கலாம். தவறாக எழுதிய பெயரோ தரவுத்தளத்திலிருந்து தரவுத்தளத்துக்குப் பயணம் செய்துகொண்டே இருக்கும்.