சப்பாத்திக்கு மாறினால் போதுமா?

"நைட்ல சோறே கிடையாது மேடம், சப்பாத்திதான்." உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர் உட்காரும்போதே இதைச் சொல்லிவிடுவார்கள். சரி, எத்தனை, தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்டால், நாலு சப்பாத்தி, உருளைக்கிழங்கு குருமா என்று பதில் வரும். அரிசியிலும் கோதுமையிலும் மாவுச்சத்து ஏறக்குறைய ஒரே அளவுதான். கோதுமையில் புரதமும் நார்ச்சத்தும் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. அதற்கு உருளைக்கிழங்கையே துணைக்கு வைத்தால் மாவோடு மாவுதான் சேருகிறது.

மாற வேண்டியது தட்டில் இருக்கும் விகிதம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2000 கலோரி தேவைப்படுகிற ஒருவருக்கான ஒரு நாள் கணக்கு இருக்கிறது. தானியம் 250 கிராம், பருப்பு வகைகள் 85, காய்கறியும் கீரையுமாக 400, பழம் 100, கொட்டைகளும் விதைகளும் 35, எண்ணெய் 27 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி. எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை. தானியத்தைவிடக் காய்கறி அதிகம் என்பதைக் கவனியுங்கள். நம் வீடுகளில் சோறு மலையாக இருக்கும், பொரியல் ஓரத்தில் ஒரு கரண்டி கிடக்கும்.

அடுத்தது பருப்பு. "தினமும் சாம்பார் வைக்கிறோமே" என்பார்கள். நாலு பேர் வீட்டில் 100 கிராம் துவரம்பருப்பு போட்டால் ஆளுக்கு 25 கிராம். அதில் கிடைக்கும் புரதம் ஐந்தாறு கிராம்தான். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம் வேண்டும். அரிசியிலும் ஓரளவு புரதம் உண்டு. ஆனாலும் இடைவெளி பெரிது. வத்தக்குழம்பும் அப்பளமுமாகப் போகிற நாளில் சாம்பார் தருகிற அந்த ஐந்தாறு கிராமும் கிடையாது. அதனால்தான் மாலையில் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல் என்று எழுதித் தருகிறேன். முட்டை ஒன்றில் ஆறு கிராம் இருக்கிறது. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு மத்தியும் நெத்திலியும் போதும், வஞ்சிரம்தான் வேண்டும் என்றில்லை. டப்பாவில் வரும் புரதப் பொடியைப் பற்றி விசாரிக்கிறவர்கள் ஏனோ வேர்க்கடலையைப் பற்றிக் கேட்பதே இல்லை! நூறு கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம் புரதம். ஆனால் கொழுப்பும் அதிகம், ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கீரை சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம். இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதை அவை குறைக்கும். ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடுங்கள். கீரை, பருப்பு சாப்பிடும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நல்லது. அவற்றிலுள்ள வைட்டமின் சி அந்தச் சத்தை உடலில் சேர்க்க உதவும்.

கீன்வா, ஓட்ஸ் என்று தேடி அலைய வேண்டிய அவசியமும் இல்லை. கேழ்வரகில் கால்சியம் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஆனால் சிறுதானியமும் தானியம்தான். தினைச் சோறு என்பதற்காக இரண்டு மடங்கு சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் சோற்றைத் திடீரென்று பாதியாக்கிவிடக் கூடாது. சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். மருந்தின் அளவையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும், மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் குறையுங்கள். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மேலே சொன்ன பருப்பு, கீரைக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்குப் புரதமும் பொட்டாசியமும் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் முடிவாகும்.