ரெட்ரோஃபிட் என்றால் பின்பொருத்தல்

பழைய அணு உலைகளின் பாதுகாப்பைப் பேசும் அறிக்கைகளில் அடிக்கடி கண்ணில் படும் சொல் ‘ரெட்ரோஃபிட்’. கட்டியபோது உலையில் இல்லாத ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டைப் பின்னாளில் சேர்ப்பது என்று பொருள். ‘ரெட்ரோஆக்டிவ்’, ‘ரீஃபிட்’ என்ற இரண்டு ஆங்கிலச் சொற்கள் ஒட்டிப் பிறந்தது இது. லத்தீனில் ‘ரெட்ரோ’ என்றால் பின்னோக்கி. அணு உலை விதிமுறைகளில் ‘பேக்ஃபிட்’ என்றும் வரும். பொருள் ஏறக்குறைய ஒன்றுதான்.

இதைத் தமிழில் ‘புதுப்பித்தல்’ என்று எழுதினால் பொருள் கெட்டுவிடும். தேய்ந்த பம்பைக் கழற்றிவிட்டுப் புதியதை வைப்பது புதுப்பித்தல். வடிவமைப்பிலேயே இருக்கும் குறை அதனால் தீராது. ‘மறுபொருத்தல்’ என்றால் கழற்றியதையே திரும்ப மாட்டுவது போல ஒலிக்கிறது. ‘பின்பொருத்தல்’தான் சரி. பின்பொருத்தினார்கள், பின்பொருத்திய உலை என்று வினையாகவும் இயல்பாக வளைகிறது.

1986 செர்னோபில் விபத்துக்குப் பிறகு அதே ஆர்.பி.எம்.கே. என்ற சோவியத் வகை உலைகளில் நடந்தது நல்ல எடுத்துக்காட்டு. அணுப்பிளவை அடக்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகள் முழுதாக உள்ளே இறங்க ஏறத்தாழ 18 விநாடி ஆகும். அதை 12 விநாடியாகக் குறைத்தார்கள். அது போதாதென்று, அவசரத்துக்காகவே சுமார் 2.5 விநாடியில் இறங்கும் தண்டுகளையும் சேர்த்தார்கள். எரிபொருளின் செறிவூட்டலும், அதாவது அதில் பிளவுபடும் யுரேனியம்-235இன் பங்கும், 2 சதவீதத்திலிருந்து 2.4 ஆக உயர்ந்தது. அந்த உலைகள் முதல் நாளிலிருந்தே இப்படி இருந்திருக்க வேண்டும்.

எதைப் பின்பொருத்துவது என்று தெரிய, வெளியாரின் கண்ணும் தேவைப்பட்டது. 1991இல் ஸ்வீடன், லிதுவேனியா, ரஷ்ய வல்லுநர்கள் சேர்ந்து, அதே ஆர்.பி.எம்.கே. வகையைச் சேர்ந்த இக்னலினா உலையில் விபத்து எங்கே தொடங்கக்கூடும் என்று கணக்கிட ஆரம்பித்தார்கள். ஸ்வீடனின் பார்சபெக், லிதுவேனியாவின் இக்னலினா என்ற இரு அணுமின் நிலையங்களின் பெயரை இணைத்து அந்தத் திட்டத்துக்கு ‘பார்சலினா’ என்று பெயர் வைத்தார்கள். அப்புறம் பணம். 1992 மியூனிக் ஜி7 மாநாட்டைத் தொடர்ந்து, 1993இல் ஐரோப்பிய மறுகட்டமைப்பு மற்றும் மேம்பாட்டு வங்கியில் அணுப் பாதுகாப்புக்கென்றே ஒரு நிதி தொடங்கியது.

பின்பொருத்தலுக்கு எல்லையும் உண்டு. 1994இல் உருவான அணுப் பாதுகாப்பு உடன்படிக்கையின் 6ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது: செய்யக்கூடிய மேம்பாடுகளை அவசரமாகச் செய்யுங்கள், முடியாதென்றால், இயன்றவரை சீக்கிரம் உலையை மூடத் திட்டமிடுங்கள். இக்னலினாவில் பல ஏற்பாடுகளைப் பின்பொருத்திய பிறகும், ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதற்கான நிபந்தனையாக முதல் உலையை 2004இலும் இரண்டாவதை 2009இலும் மூடினார்கள்.