எடுத்துப் போனதற்கா பணம், அழித்ததற்கா?

மருத்துவக் கழிவு ஒப்பந்தம் எதைக் கையில் எடுத்தாலும், பணம் எப்போது கை மாறுகிறது என்று சொல்லும் வரியைத்தான் நான் முதலில் தேடுவேன். பை எத்தனை, என்ன நிறம், வண்டி வாரத்துக்கு எத்தனை தடவை வரும் என்பதெல்லாம் அப்புறம். லோடு கேட்டைத் தாண்டியதும் பில் பாஸ் ஆகிவிடுகிறதா, இல்லை கழிவு எரிந்து சாம்பலானதற்கான சான்றிதழ் வந்து சேர்ந்த பிறகா? முதல் வகை என்றால், அந்த லோடு கடைசியில் எந்த ஊர் ஓடையில் விழும் என்று கையெழுத்துப் போட்டவருக்கே தெரியாது.

வளைகுடாவில் அமெரிக்கப் படை முகாம்களுக்கு வேலை செய்த ஒரு துணை ஒப்பந்த நிறுவனத்தில் கழிவுப் பிரிவின் காகிதங்களைக் கையாண்டவன் நான். இப்போது செங்கோட்டை, தென்காசி வட்டாரத்திலும் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் புனலூரிலும் உள்ள சிறு மருத்துவமனைகளுக்கு இதே விஷயத்தில் ஆலோசனை சொல்கிறேன். இந்த எல்லையில் இருப்பவர்களுக்கு இதை இரண்டு காரணங்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்று, எல்லைச் சாவடியான புளியரை வழியாகக் கேரளத்திலிருந்து வரும் லாரிகள். இன்னொன்று, இங்கிருந்து முகாம் வேலைக்கு விமானம் ஏறும் நம் பிள்ளைகள்.

2024 டிசம்பரில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். திருநெல்வேலி மாவட்டத்தில் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் திருவனந்தபுரத்து மருத்துவமனைக் கழிவு கொட்டப்பட்டுக் கிடந்தது. நோயாளிகளின் விவரம் எழுதிய காகிதங்கள்கூட அதில் இருந்தன. மூன்று நாளில் கேரளமே வந்து அள்ள வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சொன்னது. லாரிகளோடு வந்து அள்ளிப் போனார்கள். அடுத்த ஆண்டே தமிழ்நாடு, மருத்துவக் கழிவைக் கொட்டுபவர்களையும் குண்டர் சட்டத்தின் கீழ் கொண்டுவரத் திருத்தம் செய்தது. நல்லதுதான். ஆனால் லாரி பிடிபட்ட பிறகு பாயும் சட்டம் அது. லாரி கிளம்புவதற்கு முன்னால் எழுதப்பட்ட ஒப்பந்தத்தை யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் என் கவலை.

கேரளத்தில் மருத்துவக் கழிவை அழிக்கும் ஆலையே இல்லை என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறோம். அது சரியில்லை. வாளையாரைத் தாண்டினால் பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் இந்திய மருத்துவச் சங்கத்தின் கேரளக் கிளை பெரிய நிலையம் நடத்துகிறது. எர்ணாகுளத்திலும் ஒன்று உண்டு. மருத்துவக் கழிவு போடும் மஞ்சள் பையும் சிவப்புப் பையும் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகின்றன. ஓட்டை இருப்பது பக்கத்துத் தொட்டியில். பொதுக் குப்பையை அள்ள வேறொருவருக்குத் தனி ஒப்பந்தம் இருக்கும். மருத்துவக் கழிவுப் பைக்கு இருப்பதுபோல் அதற்கு பார்கோடும் இல்லை, 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற கெடுவும் இல்லை. வார்டில் பிரிக்கத் தவறிய ஊசியும் டியூபும் அதில்தான் ஏறுகின்றன. நான் பார்த்த மருத்துவமனைகளில் மருத்துவக் கழிவு ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தவர்கள் உண்டு. பொதுக் குப்பை ஒப்பந்தத்தை அப்படிப் படித்தவரை நான் பார்த்ததில்லை.

விலை வைக்கும் முறையும் மனிதர்களைத் தப்பு வழியில் தள்ளும். படுக்கைக்கு இவ்வளவு என்று பேசினால், அள்ளுபவருக்கு எடை குறைந்தால்தான் லாபம். ஒரு நாள் வராமல் விட்டாலும் அவருக்கு நஷ்டமில்லை. கிலோவுக்கு இவ்வளவு என்றால் மருத்துவமனைக்குக் கை நடுங்கும், பாதியைச் சாதாரணக் குப்பையில் போடச் சொல்லும் மேலாளர்கள் உண்டு. படை முகாம்களில் இதற்கு நேர்மாறாக நடந்ததைப் பார்த்திருக்கிறேன். அங்கே எடைக்குப் பணம், கட்டுபவர் அரசு. அதனால் ஜூஸ் டப்பாவும் அட்டைப்பெட்டியும்கூட அபாயக் கழிவுப் பைக்குள் ஏறும். எடை கூடும், பில் கூடும், கழிவை எரிக்கும் உலைக்குள் பிளாஸ்டிக் கூடும். பிவிசி வகைப் பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு வரும். அதைச் சுவாசிப்பது உலை வாசலில் நிற்கும் தொழிலாளிதான்.

அந்த முகாம்களில் யாருடைய சட்டம் செல்லும் என்று இங்கே பலர் கேட்கிறார்கள். வெளிநாட்டுத் தளங்களுக்கென அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஓர் அடிப்படைச் சுற்றுச்சூழல் வழிகாட்டி வைத்திருக்கிறது. மருத்துவக் கழிவுக்கு அதில் தனி அத்தியாயம் உண்டு. ஜப்பான், கொரியா, ஜெர்மனி போன்ற நாடுகளுக்கு அந்த நாட்டுச் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பொதுவாக எது கடுமையோ அதை எடுத்துத் தனித் தரநூல் எழுதியிருக்கிறார்கள். போர்க்களத் தற்காலிக முகாம்களுக்கு இந்த ஏற்பாடு அப்படியே பொருந்தாது. பெரிய கேடுகள் நடந்ததும் அங்கேதான். ஈராக்கில் பலாத் தளத்தில் திறந்த குழியில் மருத்துவக் கழிவையும் சேர்த்து எரித்தார்கள். 2009 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் அதற்குத் தடை போட்டது, வேறு வழியே இல்லை என்றால் எரிக்கலாம் என்ற விலக்கையும் சேர்த்தே. அந்தப் புகையால் நோயுற்ற முன்னாள் படைவீரர்களுக்கான பெரிய நிவாரணச் சட்டம் 2022 ஆகஸ்டில்தான் வந்தது. அதே குழி ஓரத்தில் நின்ற வெளிநாட்டு ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை.

குழிக்குப் பதிலாக உலை வாங்கிய கதையும் இருக்கிறது. ஆப்கானிஸ்தான் மறுசீரமைப்புக்கான அமெரிக்கச் சிறப்புத் தணிக்கையாளர் 2015-ல் ஓர் அறிக்கை கொடுத்தார். நான்கு முகாம்களில் 2 கோடி டாலருக்கு மேல் செலவழித்து நிறுவிய எட்டு உலைகள் ஒரு நாள்கூட ஓடவில்லை என்றது அது. குறைகளைச் சரிசெய்யாமலே உலைகளை ஏற்றுக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். உலையை நிறுவியதற்குப் பணம் கொடுத்தார்கள், எரித்ததற்கு அல்ல. நான் முதலில் தேடுவதாகச் சொன்ன வரி அங்கே தவறாக எழுதப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

ஹெயிட்டியில் இதைவிடக் கொடுமை. அது மருத்துவக் கழிவு அல்ல, முகாமின் கழிவறைக் கழிவு. ஆனால் ஒப்பந்தப் பாடம் ஒன்றே. 2010 அக்டோபரில் மிரெபாலே அருகே ஐ.நா. அமைதிப்படை முகாமுக்குக் கீழே ஓடும் ஆற்றில் காலரா பரவத் தொடங்கியது. கழிவை அள்ளும் வேலை ஒரு ஒப்பந்ததாரரிடம் இருந்தது. அவர் கொட்டிய குழி திறந்தவெளியில் இருந்தது, மழைக்கு வழிந்து ஓடக்கூடியது என்று ஐ.நா. நியமித்த நிபுணர் குழுவே 2011-ல் எழுதியது. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஐ.நா. பொதுச் செயலாளர் மன்னிப்புக் கேட்க 2016 டிசம்பர் வரை ஆனது.

அமெரிக்கத் தளம் இருக்கும் நாட்டில் உலை இல்லாவிட்டால் கழிவைக் கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்கே அனுப்பிவிடலாமே என்று கேட்பார்கள். அபாயக் கழிவை நாடு விட்டு நாடு அனுப்புவதைக் கட்டுப்படுத்த 1989-ல் கையெழுத்தான பாசல் ஒப்பந்தத்தின் பட்டியலில் மருத்துவக் கழிவுதான் முதல் இனம். அமெரிக்கா அதில் கையெழுத்திட்டது, உறுதிப்படுத்தவில்லை. உறுப்பு நாடுகள் உறுப்பல்லாத நாட்டோடு தனி உடன்பாடு இல்லாமல் இந்தக் கழிவை அனுப்பவோ வாங்கவோ முடியாது. ஆக, தளம் இருக்கும் நாட்டிலேயே இடம் தேட வேண்டும். அங்கேதான் துணை ஒப்பந்தம், அதற்குக் கீழே இன்னொரு துணை ஒப்பந்தம், கடைசியில் ஒரு லாரி முதலாளி என்று சங்கிலி நீளும். கடைசிக் கண்ணியின் பெயர் முதல் ஒப்பந்தத்தில் இருக்காது. முகாம் கேட்டில் கிழிக்கும் சீட்டு உலை வாசலில் கையெழுத்தாகி, எடையோடு திரும்பி வந்து, இரண்டு எடையும் ஒத்துப்போனால்தான் பில் என்று எழுதினால் அந்தச் சங்கிலி தானாகவே சுருங்கும். இங்கே இருபது படுக்கை ஆஸ்பத்திரிக்கும் இதைத்தான் எழுதச் சொல்கிறேன். பொதுக் குப்பைக்கும் சேர்த்து.

இனி வேலைக்குப் போகிறவர்களுக்கு. புளியரையைச் சேர்ந்த ஒரு தம்பி வேலை உத்தரவோடு வந்து, "அண்ணாச்சி, க்ளீனர்னுதான் போட்டிருக்கு. ஆனா மெடிக்கல் வேஸ்ட் அள்ளணும்னு ஏஜென்ட் சொல்றாரு, பரவாயில்லையா?" என்று கேட்டார். பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். என்ன வேலை என்பது காகிதத்தில் இருக்க வேண்டும். தடுப்பூசியும் பயிற்சியும் கேட்க அதுதான் ஆதாரம். ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று தவணை. முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. விசா வந்த பிறகு தொடங்கினால் முடியாது, பேச்சு ஆரம்பிக்கும்போதே போடத் தொடங்குங்கள்.

பணம் விஷயம். நம் நாட்டுச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் வரை வாங்கலாம். அமெரிக்க அரசு ஒப்பந்த வேலையென்றால் அதுகூடக் கூடாது. ஆள் சேர்ப்புக் கட்டணம் எதையும் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைக்கக் கூடாது என்று ஆட்கடத்தல் தடுப்பு விதி அந்த ஒப்பந்தங்களிலேயே இருக்கிறது. துணை ஒப்பந்தத்துக்கும் அது பொருந்தும். லட்சக்கணக்கில் கேட்பவரிடம் எந்தத் தளம், முதன்மை ஒப்பந்ததாரர் யார் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அங்கே கழிவில் கிடக்கும் ஊசி குத்திவிட்டால் காயத்தைப் பிதுக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே முகாம் மருத்துவரிடம் போங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரம் தாண்டக் கூடாது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். வேலை போய்விடும் என்று பயந்து மறைப்பவர்கள்தான் அதிகம். அமெரிக்கத் தள ஒப்பந்தங்களில் வேலை செய்பவர் எந்த நாட்டவராக இருந்தாலும், துணை ஒப்பந்தத்தில் இருந்தாலும், 1941-ல் வந்த அமெரிக்கத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஒன்று பொதுவாக அவரைக் காக்கிறது. காயம்பட்டதை 30 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், இழப்பீட்டு மனுவைப் பொதுவாக ஓராண்டுக்குள் போட வேண்டும். சூப்பர்வைசரிடம் வாயால் சொன்னது கணக்கில் வராமல் போகலாம். தேதி, நேரம், எந்தப் பை, எந்த விரல் என்று எழுதிக் கொடுங்கள். வாங்கிக்கொண்டவரின் கையெழுத்தோடு ஒரு படம் எடுத்து, அன்றைக்கே வீட்டில் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.