பேட்டியில் விசுவாசத்தைச் சீண்டினால்

மதுரை ஒத்தக்கடை பக்கம் இருக்கிற உயர் நீதிமன்றக் கிளையில் வழக்கறிஞராக இருக்கிறேன். யூடியூப் பேட்டி கொடுத்துவிட்டு வழக்கில் மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். சமீபத்தில் வந்தவர் ஓர் அரசியல் விமர்சகர், கிறிஸ்தவர். (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.) தொகுதி நிலவரம் பேசலாம் என்று கூப்பிட்டுவிட்டு, உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே "அண்ணே, நீங்க பேசுறது அரசியலா, சர்ச் பிரசங்கமா?" என்று ஆரம்பித்த நெறியாளர் கடைசிவரை விடவே இல்லை.

முழுப் பேட்டியையும் கேட்டேன். வெள்ளைக்காரன் விட்டுப்போன மதம்தானே என்றதற்கு, ஆங்கிலேயர் மதுரையை ஆள்வதற்கு வெகுகாலம் முன்பே, நாயக்கர் ஆட்சியில், 1606-ல் இத்தாலியிலிருந்து ராபர்ட் டி நொபிலி இங்கே வந்து தமிழ் படித்து, தமிழிலேயே எழுதியதை நிதானமாகச் சொன்னார். சலுகைக்காக மாறினீர்களா என்றதற்கும் பதில் இருந்தது. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடையாது. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார், இதில் சலுகை எங்கே என்று கேட்டார். அருமையான பதில்கள். ஆனால் "அப்ப எங்க சாமியெல்லாம் பொய்யா?" என்றபோது கோபம் வந்து, அடுத்தவர் வழிபாட்டைக் கேலி செய்து ஒரு வரி விட்டுவிட்டார். அந்த வரி மட்டும் ஷார்ட்ஸாக வெளிவந்தது, அப்புறம் போலீஸ் புகார்.

இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 299, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ: வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு ஒரு மதத்தை இழிவுபடுத்தினால் 3 ஆண்டு வரை சிறை. கெட்ட எண்ணம் இல்லை, சீண்டியதால் வந்த வார்த்தை என்று காட்ட முழுப் பதிவு வேண்டும். நல்லவேளை, அவருடைய அக்கா மகன் ஓரமாக உட்கார்ந்து செல்போனில் பதிவு செய்திருந்தான். நீங்களும் அப்படி ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

அவரிடம் நான் சொன்னது இதுதான். சபையில் சாட்சி சொல்கிறீர்களே, கோர்ட்டிலும் அதே சொல்தான். கூண்டில் ஏறியவர் தான் கண்டதை, தனக்கு நடந்ததை மட்டும் சொன்னால் எந்தக் குறுக்கு விசாரணையிலும் அசைய மாட்டார். அடுத்தவரைப் பற்றி அபிப்பிராயம் சொல்லத் தொடங்கினால்தான் எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் பிடி கிடைக்கும். இயேசுவை ஏன் நம்புகிறேன், என் வீட்டில் என்ன மாறியது என்று எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். பொது ஒழுங்குக்கு உட்பட்டு, நம்பவும் பரப்பவும் அரசியலமைப்பின் 25-வது பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. அரசியல் பேசுகிறவர் என்பதற்காக விசுவாசத்தை மறைக்கவும் வேண்டாம். "உங்க சாமி பொய்யா" என்று கேட்டால், "என் சாமியைப் பற்றித்தான் எனக்குத் தெரியும், அதைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு அதோடு நிறுத்துங்கள்.

போன வாரம் போன் செய்தார். அதே நெறியாளர் திரும்பவும் கூப்பிட்டிருக்கிறாராம், போகலாமா சார் என்றார். அக்கா மகனுக்கு அன்றைக்கு லீவு இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளச் சொன்னேன்.