மென்டல் ரிட்டார்டேஷன்: தமிழ்ல என்னன்னு சொல்றது?

மரண தண்டனை பத்தி பேச்சு வந்தாலே "அந்தாளு மனநோயாளியாம், அதான் விட்டுட்டாங்களாம்"னு எழுதறாங்க, ஆனா பல கேஸ்ல அந்தாளுக்கு மனநோயே இருக்காது, இருக்கறது அறிவுசார் குறைபாடு. மனநோய் எந்த வயசுலயும் வரலாம், மருந்துல பலருக்கு கட்டுக்குள்ள வரும். இது அப்படி இல்ல, பொறப்புலயோ வளர்ற வயசுலயோ வர்றது, கத்துக்கறது, யோசிச்சு முடிவெடுக்கறது, காசை எண்ணி வாங்கறது, அடுத்தவன் ஏமாத்தறானான்னு புரிஞ்சுக்கறது எல்லாமே சிரமம், மாத்திரையால மாறாது.

இங்கிலீஷ்ல இதுக்கு ரொம்ப நாள் இருந்த பேர் மென்டல் ரிட்டார்டேஷன். லத்தீன்ல டார்டஸ்னா மெதுவானதுன்னு அர்த்தம், வேர் அதான். அதுக்கு முன்னாடி இடியட், இம்பெசில், மோரான் எல்லாமே டாக்டருங்க ரிப்போர்ட்ல எழுதின சொல்லுங்க, ஒவ்வொண்ணா வசவாப் போச்சு, ரிட்டார்டேஷனும் அதே வழியில போச்சு. 2010-ல அமெரிக்காவுல ரோசா சட்டம்னு கொண்டுவந்து மத்திய சட்டங்கள்ல அதை இன்டலெக்சுவல் டிசபிலிட்டின்னு மாத்தினாங்க.

அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகள்லயே இந்த மாற்றம் தெரியும். 2002-ல அட்கின்ஸ் எதிர் வர்ஜீனியா வழக்குல, அறிவுசார் குறைபாடு உள்ளவங்களுக்கு மரண தண்டனை கொடுக்கறது அரசியலமைப்புக்கு விரோதம்னு ஆறு நீதிபதிங்க சொன்னாங்க, மூணு பேர் எதிர்த்தாங்க, அதுல பழைய சொல்தான். 2014-ல ஹால் எதிர் புளோரிடாவுல புது சொல். அட்கின்ஸ்ல சொன்ன காரணங்களை எல்லாரும் தெரிஞ்சுக்கணும்: இவங்க செய்யாத குற்றத்தையும் ஒத்துக்கிடலாம், தன் வக்கீலுக்கே சரியா விவரம் சொல்ல முடியாம போகலாம், கோர்ட்ல இவங்க நிக்கற விதத்தைப் பாத்து வருத்தமே இல்லாத ஆளுன்னு ஜூரி தப்பா எடுத்துக்கலாம். 1939-ல கொலராடோவுல ஜோ அரிடிங்கறவரை விஷவாயு கொடுத்து கொன்னாங்க, ஐக்யூ, அதாவது அறிவுத்திறன் பரீட்சை மார்க், 46, போலீஸ் கேட்டதுக்கெல்லாம் ஆமான்னவர், கடைசி நாட்கள்ல ஜெயில்ல பொம்மை ரயில் வச்சு விளையாடிட்டு இருந்தார். 2011-ல, 72 வருஷம் கழிச்சு, கவர்னர் மன்னிப்பு கொடுத்தார். படிக்கறப்ப எனக்கு நெஞ்சு அடைச்சுது. இப்படிப்பட்ட ஒருத்தரே நிஜமா குற்றம் செஞ்சிருந்தாலும் உயிரை எடுக்கக்கூடாதுங்கறதுதான் என் நிலைப்பாடு.

தமிழுக்கு வருவோம். "மனநலம் பாதிக்கப்பட்டவர்"னு எழுதினா அது மனநோய், வேற விஷயம். "மனவளர்ச்சி குன்றியவர்" பழக்கத்துல இருக்கு, ஆனா குன்றறதுன்னா குறையறது, தேயறது, இவங்க மனசுல எதுவும் தேயல, பயம் பாசம் அழுகை எல்லாம் நம்மள மாதிரியேதான் இருக்கு, சிரமம் அறிவாற்றல்லதான். அதனால அறிவுசார் குறைபாடுதான் பொருந்தற சொல், ஆளைச் சொல்லணும்னா அறிவுசார் குறைபாடு உள்ளவர், இல்லன்னா அறிவுசார் மாற்றுத்திறனாளி.

"ஐக்யூ கம்மியானவர்"னு சுருக்கறதும் தப்பு. ஹால் வழக்குல புளோரிடா செஞ்சது அதான், 70-க்கு மேல மார்க் வந்தா மத்த ஆதாரத்தையே பாக்க மாட்டோம்னாங்க, மரண தண்டனைக் கைதியா இருந்த ஹாலுக்கு 71. அந்தப் பரீட்சையில எப்பவும் கொஞ்சம் ஏறக்குறைய இருக்கும், ஒரே நம்பரை வச்சு உயிரை முடிவு பண்ண முடியாது, அன்றாட வாழ்க்கையை எப்படி நடத்தறார்னும் பாக்கணும்னு கோர்ட் அதை ரத்து பண்ணிச்சு. குறைபாடுங்கற சொல்லுக்குள்ள அந்த அன்றாட சிரமமும் சேர்ந்தேதான் இருக்கு.