பிப் பணத்தைக் குறைத்துவிட்டார்களா? முதலில் கடிதத்தின் திகதியைப் பாருங்கள்

பிப் என்பது நாட்பட்ட வருத்தமோ இயலாமையோ உள்ளவர்களுக்கு அரசாங்கம் தரும் பணம். அதைத் தரும் திணைக்களமான டிடபிள்யூபியின் முடிவுக் கடிதம் வந்ததும் எல்லோரும் தேடுவது தொகையை. அதற்கு முன் திகதியைப் பாருங்கள். முடிவை எதிர்க்க, கடிதத்தில் அச்சிட்டிருக்கும் திகதியிலிருந்து ஒரு மாதம்தான் இருக்கிறது. தபால் பிந்தி வந்தது, மகன் வந்துதான் வாசித்துச் சொன்னான், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன் என்பதெல்லாம் நியாயமான காரணங்கள். ஆனால் அவற்றைப் பிறகு எழுதி விளக்கிக்கொண்டு நிற்க வேண்டி வரும். கடைசி நாளைக் கலண்டரில் குறித்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கள்.

இங்கே சொல்வது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிப் எடுப்பவர்களுக்கு. ஸ்கொட்லாந்தில் பெனிபிட்டின் பெயரும் வேறு, முறையீட்டு விதியும் வேறு.

பின்னணி சுருக்கமாக. டிஎல்ஏ என்ற பழைய இயலாமைப் பணத்துக்குப் பதிலாக 2013இல் வந்தது பிப். வருமானம், சேமிப்பு எதுவும் பார்ப்பதில்லை. வேலைக்குப் போகிறவரும் எடுக்கலாம். அன்றாட வாழ்க்கை, நடமாட்டம் என்று இரண்டு பகுதி. ஒவ்வொன்றிலும் உள்ள கேள்விகளில் மொத்தம் 8 புள்ளி எடுத்தால் சாதாரண வீதம், 12 எடுத்தால் கூடிய வீதம். 2025-26இல் அன்றாட வாழ்க்கைக்குக் கிழமைக்கு 73.90 அல்லது 110.40 பவுண், நடமாட்டத்துக்கு 29.20 அல்லது 77.05 என்று இருந்தது. இரண்டிலும் கூடிய வீதத்தில் இருந்தவரைச் சாதாரண வீதத்துக்கு இறக்கினால், அந்தக் கணக்கின்படி நான்கு கிழமைக்கு ஒருமுறை வரும் பணத்தில் 337 பவுண் குறையும். நடமாட்டத்தில் கூடிய வீதம் போனால், அந்தப் பணத்தைக் கொடுத்து எடுத்த மோட்டபிலிட்டி காரும் போகும். அன்றாட வாழ்க்கைப் பகுதி அடியோடு நின்றால், உங்களைப் பார்த்துக்கொள்ளும் மனைவியோ மகளோ எடுக்கும் கேரர்ஸ் அலவன்ஸும் கூடவே நிற்கும்.

வருத்தம் குறையாமலே பணம் குறைவது

பணம் குறைக்கப்பட்டவர்களின் கடிதங்களை நிறைய வாசித்திருக்கிறேன். அநேகருக்கு வருத்தம் அப்படியேதான் இருக்கிறது, சிலருக்குக் கூடியும் இருக்கிறது. பிழை தொடங்குவது பெரும்பாலும், ஏற்கனவே பணம் எடுப்பவர்களுக்கு டிடபிள்யூபி இடைக்கிடை அனுப்பும் மறுபரிசீலனைப் படிவத்தில். "மாற்றம் இல்லை" என்று எழுதி, கையெழுத்து வைத்து அனுப்பிவிடுகிறார்கள். பழைய விபரம் எல்லாம் அவர்களிடம்தானே இருக்கிறது என்ற நினைப்பு. அதை நம்பாதீர்கள். உங்களை மதிப்பிடப் போகிறவர் வேறொரு தனியார் கம்பெனியின் ஆள். அவர் முன்னால் வெறும் படிவம் இருந்தால், தொலைபேசியில் நீங்கள் சொல்வதை வைத்துத்தான் எல்லாவற்றையும் தீர்மானிப்பார்.

தொலைபேசியில் எங்கள் ஆட்கள் என்ன சொல்வார்கள்? "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்பார்கள். அது மரியாதைக்குச் சொல்வது. அறிக்கையில் அது உடல்நிலையாகிவிடும். முடக்குவாதத்தால் விரல்கள் மடங்கிப்போன ஓர் அக்காவிடம் சமையலைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். "மகள்தான் சமைப்பா, நான் கிட்ட இருந்து உப்புப் புளி பார்ப்பேன்" என்றிருக்கிறா. அறிக்கையில் வந்தது: சமையலில் பங்கெடுக்கிறார், பூச்சியம் புள்ளி. அந்தக் கையால் கத்தி பிடிக்க முடியுமா, கொதிக்கிற பாத்திரத்தை இறக்க முடியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததை அவவும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மகனையோ மகளையோ மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு எந்தத் தாய் தன் மலசலப் பிரச்சினையைச் சொல்லுவா? குடல் வருத்தத்தோடு உள்ளாடைக்குள் பாட் வைத்துக்கொண்டு வாழ்கிறவர் "ஒன்றும் இல்லை" என்று சொல்லி, அந்தக் கேள்விக்கான புள்ளி முழுவதையும் இழந்ததைப் பார்த்திருக்கிறேன். மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், இலவசமாகத் தருவார்கள். உரையாடலை ஒலிப்பதிவு செய்யவும் கேட்கலாம், ஆனால் அதை அசெஸ்மென்டுக்கு முன்பே கேட்டுவைக்க வேண்டும்.

சரி, அதெல்லாம் நடந்து முடிந்துவிட்டது, பணம் குறைந்துவிட்டது என்றால் முதல் வேலை அந்த அறிக்கையைக் கையில் எடுப்பது. டிடபிள்யூபிக்கு அழைத்து, மதிப்பிட்டவர் எழுதிய பிஏ4 அறிக்கையின் பிரதி வேண்டும் என்று சொல்லுங்கள். காசு இல்லை. அறிக்கை வரட்டும் என்று ஒரு மாதக் கெடுவை மட்டும் விட்டுவிடாதீர்கள். "முடிவை ஏற்கவில்லை, விபரம் பின்னால் அனுப்புகிறேன்" என்று இரண்டு வரி எழுதி முதலில் பதிவு செய்துவிடலாம். முந்தைய முறை பணம் தந்தபோது எழுதிய அறிக்கையையும் சேர்த்துக் கேளுங்கள். அன்றைக்கு 12 புள்ளி தந்த அதே முழங்காலுக்கு இன்றைக்கு 4 புள்ளி என்றால், இடையில் என்ன மாறியது என்று அவர்களைக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

"முடியும்" என்றால் எப்படி முடியும்?

இந்த ஒரு பகுதியை மட்டும் இரண்டு தரம் வாசியுங்கள். ஒரு காரியம் உங்களால் முடியும் என்று அவர்கள் கணக்கெடுக்க வேண்டுமானால், அதை நீங்கள் ஆபத்தில்லாமல், ஒழுங்காக, தேவைப்படுகிற அத்தனை தரமும், நியாயமான நேரத்துக்குள் செய்ய வேண்டும். வருத்தம் இல்லாத ஒருவர் எடுக்கக்கூடிய ஆகக்கூடிய நேரத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் உங்களுக்கு எடுத்தால், சட்டப்படி அது நியாயமான நேரம் அல்ல. இது பிப் விதிகளிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் முடிவுக் கடிதங்களில் இதைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே "என்னால் நடக்க முடியாது" என்று எழுதாதீர்கள். அசெசர் உங்களை எங்காவது நடக்கப் பார்த்திருப்பார், அல்லது கடைக்குப் போவேன் என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள். அந்த ஒரு வரியால் உங்கள் மற்ற எல்லா வரிகளும் பொய்யாகிவிடும். இப்படி எழுதுங்கள்: "வீட்டு வாசலில் இருந்து மூன்றாவது லாம்ப் போஸ்ட் வரை நடப்பேன். அதற்குள் இரண்டு தரம் நிற்க வேண்டும். அங்கே போனதும் இடுப்பில் குத்து எழும்பும், பத்து நிமிடம் மதிலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். திரும்பி வந்தால் அன்றைக்கு இன்னொரு தரம் நடக்க ஏலாது." அந்தத் தூரத்தை யாரையாவது விட்டு அளந்து மீற்றரில் போடுங்கள். 50 மீற்றருக்கு மேல் 200 வரை என்றால் 4 புள்ளிதான். 20க்கு மேல் 50க்குள் என்றால் 8, பொல்லு போன்ற உதவியோடு மட்டும் என்றால் 10. 20 மீற்றருக்கு மேல் ஏலாது என்றால் 12. ஐம்பது மீற்றர் நடப்பேன் என்று குத்துமதிப்பாகச் சொல்லிவிட்டுக் காரை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

நாட்பட்ட வருத்தத்தில் நல்ல நாளும் வரும், கெட்ட நாளும் வரும். பாதிக்கு மேற்பட்ட நாட்களில் எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. டயலிசிஸ் செய்கிறவர் "கிழமைக்கு மூன்று நாள் ஏலாது" என்று சொல்வார். ஏழில் மூன்று பாதியைத் தாண்டாது, புள்ளி இல்லை என்று எழுதிவிடுவார்கள். டயலிசிஸ் முடிந்த அடுத்த நாள் மத்தியானம் வரை எழும்ப முடியாமல் கிடப்பதை அவர் சொல்லியிருக்கவே மாட்டார். அதையும் சேர்த்தால் நாட்கள் பாதியைத் தாண்டிவிடும். நாள் முழுக்க முடியாமல் இருக்க வேண்டும் என்றும் இல்லை. காலையில் விரல் விறைத்து பொத்தான் பூட்ட முடியாமல், பத்து மணிக்குப் பிறகு சரியாகிறது என்றாலும் அந்த நாள் உங்கள் பக்கம்தான் சேரும். இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் நாள்வாரியாக எழுதுங்கள். தமிழில் எழுதி, பின்னால் ஆங்கிலத்தில் ஆக்கலாம்.

சின்னப் பொருட்களையும் மறக்காதீர்கள். குளிக்கும்போது இருக்கும் கதிரை, மலசலகூடத்தில் பிடித்து எழும்பும் கம்பி, உடுப்புப் போட உதவும் கொழுக்கி, அடுப்படியில் இருந்து வெட்டும் ஸ்டூல் என்று ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி வரலாம். நாலும் சேர்ந்தால் 8, அதுவே சாதாரண வீதம். 4 புள்ளி ஒரே கேள்வியில் வர வேண்டும் என்று 2025இல் அரசாங்கம் சொன்னதைக் கேட்டுப் பலர் பயந்து போனார்கள். அந்தத் திட்டத்தை அதே ஆண்டு சட்டமூலத்தில் இருந்து எடுத்துவிட்டார்கள். சமையல் கேள்வி சோறு கறி சமைப்பதைப் பற்றியதல்ல, ஒருவருக்கான எளிய சாப்பாட்டைப் புதிய மரக்கறி வெட்டி அடுப்பில் ஆக்குவதைப் பற்றியது. "மனைவிதான் சமைப்பா" என்பது இதற்குப் பதிலாகாது. மனைவி வீட்டில் இல்லாத நாளில் உங்கள் கை என்ன செய்யும் என்று எழுதுங்கள்.

ஜீபியின் கடிதத்தில் நோயின் பெயரும் மருந்துப் பட்டியலும் மட்டும் இருந்தால் பிரயோசனம் குறைவு. நோயின் பெயருக்குப் புள்ளி கிடையாது. ஜீபி கடிதம் தர மறுக்கலாம், காசும் கேட்கலாம். உங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆள், நடந்ததை நடந்தபடி எழுதிய ஒரு பக்கம் பல நேரங்களில் அதைவிட உதவும்.

முதல் படியில் தோற்றால் நிற்க வேண்டாம்

முறையீட்டைக் கேட்கும் நீதிமன்றமான ட்ரிபியூனலுக்கு நேராகப் போக விடமாட்டார்கள். முதலில் டிடபிள்யூபியிடமே "திரும்பப் பாருங்கள்" என்று கேட்க வேண்டும், கடிதத்தில் மாண்டேட்டரி ரீகன்சிடரேஷன் என்று இருக்கும். அதற்குத்தான் அந்த ஒரு மாதம். தவறவிட்டால் காரணம் சொல்லி, முடிவுத் திகதியில் இருந்து 13 மாதம் வரை கேட்கலாம்.

தொலைபேசியில் கேட்டாலும் செல்லும், ஆனால் எழுத்திலும் அனுப்புங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் பெயரும் நஷனல் இன்சூரன்ஸ் இலக்கமும் இருக்கட்டும், பிரதி எடுத்துவையுங்கள், தபால் கந்தோர் தரும் துண்டை வைத்திருங்கள். "எங்களுக்குக் கிடைக்கவில்லை" என்ற பதிலுக்கு அந்தத் துண்டுதான் மறுமொழி.

பல கிழமை காத்திருந்தபின், பெரும்பாலும் அதே முடிவு வேறு தாளில் வரும். இங்கேதான் நம் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். அரசாங்கம் சொன்னால் சொன்னதுதான், கோர்ட் கச்சேரி என்று அலைய ஏலாது என்கிறார்கள். வருத்தக்காரரின் களைப்பு எனக்கு விளங்குகிறது. ஆனால் பிப் வழக்குகளில் ட்ரிபியூனல் விசாரணைவரை போனவர்களில் மூன்றில் இரண்டு பேர் அளவில் வெல்கிறார்கள். பிழையான முடிவை எழுதியவர்கள் திருத்த மறுத்து, நோயாளியை மாதக்கணக்கில் காக்க வைத்து, கடைசியில் மூன்றாம் ஆள் வந்து திருத்துகிற ஏற்பாடு இது. அந்த மாதங்களில் குறைந்த பணம்தான் வரும். வென்றால் மிச்சத்தைப் பிந்திய காசாகச் சேர்த்துத் தருவார்கள்.

முறையீட்டுக்கு முன் ஒரு கவனம். முடிவைத் திரும்பப் பார்க்கச் சொன்னால் முழுவதையும் திறந்து பார்க்கலாம். நடமாட்டத்தைக் குறைத்ததற்கு எதிராகப் போய், கையில் இருந்த அன்றாட வாழ்க்கைப் பணத்தையும் இழக்க இடம் உண்டு. ஆகவே கையில் ஒரு பகுதி இருக்கும்போது, சிட்டிசன்ஸ் அட்வைஸிலோ கவுன்சிலின் பெனிபிட் ஆலோசகரிடமோ புள்ளிகளைக் காட்டிவிட்டுப் போங்கள். அங்கே காசு இல்லை. வரும் பணத்தில் பங்கு கேட்டு, எல்லோருக்கும் ஒரே வசனத்தைக் கொப்பி பண்ணிப் படிவம் நிரப்புகிற ஆட்களிடம் போகாதீர்கள். படிவத்தில் பொய் இருந்தால் மாட்டுவது கையெழுத்து வைத்த நீங்கள்தான்.

இரண்டாவது மறுப்புக் கடிதத்தின் திகதியில் இருந்து மீண்டும் ஒரு மாதம். அதற்குள் ட்ரிபியூனலுக்கான முறையீட்டுப் படிவத்தை அனுப்ப வேண்டும், இணையத்திலும் நிரப்பலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதை அதிலேயே குறியுங்கள். காகிதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கட்டும் என்ற பெட்டியில் அடையாளம் போடாதீர்கள். உங்கள் வாயால் கேட்டால்தான் அவர்களுக்கு விளங்கும். நேரில் போக ஏலாவிட்டால் தொலைபேசியில், வீடியோவில் கேட்கலாம். அங்கே இருப்பவர்கள் ஒரு நீதிபதி, ஒரு வைத்தியர், இயலாமை பற்றிய அனுபவம் உள்ள ஒருவர். டிடபிள்யூபியின் ஆட்கள் அல்ல. பெரும்பாலும் ஒரு மேசையைச் சுற்றி இருந்து, உங்கள் ஒரு நாள் எப்படிப் போகிறது என்றுதான் கேட்பார்கள்.

அவர்கள் பார்ப்பது பணத்தைக் குறைத்த அந்த நாளில் நீங்கள் இருந்த நிலையை. அதற்குப் பிறகு வருத்தம் கூடியதைச் சொல்லி நேரத்தைச் செலவழிக்காதீர்கள், அந்த நாளைப் பற்றியே பேசுங்கள். கூடியதை டிடபிள்யூபிக்குத் தனியாக அறிவிக்கலாம், அதற்கு முன் ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், வழக்குப் போட்டபின் விசாரணைக்கு முன் டிடபிள்யூபியில் இருந்து ஓர் அழைப்பு வரலாம். இவ்வளவு தருகிறோம், ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்பார்கள். அந்த நிமிடமே பதில் சொல்லத் தேவையில்லை. எந்தக் கேள்விக்கு எத்தனை புள்ளி, எந்தத் திகதி வரைக்கும் பணம் என்று கேட்டு எழுதுங்கள், ஆலோசகரோடு கதைத்துவிட்டு அழைக்கிறேன் என்று சொல்லி வையுங்கள். ஒத்துக்கொண்டால் அந்த வழக்கு அதோடு முடிந்துவிடும். உங்களுக்கு உரியது கூடிய வீதமாக இருக்க, சாதாரண வீதத்துக்குத் தலையாட்டிவிட்டுப் பிறகு வந்து கேட்கிறவர்களுக்கு மறுபடி முதலில் இருந்துதான் தொடங்க வேண்டி வரும்.